பேட்டை மாமா

வேலை கிடைத்துப் புனேக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேரிடமிருந்து தப்ப முடியாது: வீட்டுத் தரகர், பழைய ஸ்கூட்டர் விற்கிறவர், பேட்டை மாமா. முதல் இருவரும் கமிஷன் கைக்கு வந்ததும் மறைந்துவிடுவார்கள். மாமாவுக்குக் கமிஷன் கிடையாது என்பதால் அவர் மறைவதே இல்லை.

மாமா என்றால் ஒரே ஆள் என்று எண்ண வேண்டாம். ராஸ்தா பேட்டில் சிலர், கட்கியில் சிலர், கோத்ரூட் அடுக்குமாடிகளில் சிலர் என்று ஊர் முழுக்க இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே துணிப்பை, ஒரே மடக்குக்குடை, ஒரே தீர்ப்பு. சொந்த ஊர் கும்பகோணமாக இருக்கலாம், கல்லிடைக்குறிச்சியாக இருக்கலாம். எழுபதுகளில் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்து ராணுவக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தவர். தரைப்படை அதிகாரிகளின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் புனேயில்தான் இருக்கிறது. கர்னல்களின் பயணப்படியில் தப்புக் கண்டுபிடித்தே பணிக்காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின் அந்தக் கண்ணுக்கு வேலை வேண்டாமா? சாப்பாட்டுத் தட்டின் பக்கம் திருப்பிவிட்டார்.

புது ஆள் வந்திருக்கிறான் என்ற செய்தி மாமாவுக்கு எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. ஹிஞ்சவடியில் ஏதோ கம்பெனியில் சேர்ந்து, ஒரு வாரம் போனில் தட்டிச் சோறு வரவழைத்துத் தின்றுகொண்டிருக்கும் பையனுக்கு ஒருநாள் ராத்திரி அழைப்பு வரும்.

“தம்பி, நான் உங்க சித்தப்பாவோட ஆபீஸ்ல இருந்தவர்க்குப் பக்கத்து வீடு. பெட்டியில வர்ற சோத்தையா திங்கிறே? ஞாயித்துக்கிழமை காலையில சனிவார் பேட்டுக்கு வந்துடு. செருப்பு போட்டுண்டு வா, ஷூ வேண்டாம். வயித்தைக் காலியா வெச்சுக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை சனிவார் பேட் என்றதுமே பையன் குழம்பிப்போவான். பழைய புனேயில் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஒவ்வொரு பேட்டை உண்டு. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார். நாள்கள் தீர்ந்துபோன பிறகு ஆள்களின் பெயர் வைத்தார்கள். 1761-இல் பானிபட் போரில் மாண்ட சதாசிவராவ் பாவு பெயரில் சதாசிவ் பேட், நாராயணராவ் பேஷ்வா பெயரில் நாராயண் பேட். இத்தனை பேட்டைகளும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், கால்நடையாகவே ஒரு வாரத்தை ஒரு முற்பகலில் கடந்துவிடலாம். ஆட்டோ என்ற சொல்லை எடுத்தால் மாமாவுக்குப் பிடிக்காது. “நடந்தாத்தான் அடுத்த கடைக்குப் பசிக்கும். ஆட்டோவுல போனா அடுத்த கடைக்கு வயிறு மட்டுந்தான் போய்ச் சேரும், பசி வராது.”

நடப்பது என்றாலும் சாமானிய வேலையில்லை. புனே இரு சக்கர வண்டிகளின் ஊர். நடைபாதை என்று ஒன்று இருக்கும் இடத்தில் அதன்மேலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கும். 2021 முதல் டிசம்பர் 11-ஆம் தேதியைப் பாதசாரிகள் தினமாக வைத்து, லக்ஷ்மி ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்கவிடுகிறது மாநகராட்சி. அன்றைக்கு மட்டும் மாமா வெளியே கிளம்ப மாட்டார். வண்டி வராத ரோட்டில் நடப்பது அவருக்கு நடையே இல்லை.

மாமா பத்தடி முன்னால் போவார். பின்னால் திரும்பிப் பார்க்காமலே பேசுவார், பின்னால் வருகிறவன் பஸ்ஸுக்கும் புல்லட்டுக்கும் நடுவில் நசுங்காமல் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திடீரென்று சாலை நடுவில் நின்று குடையை நீட்டுவார்.

“அதோ பாரு. அங்கேதான் பட்டாட்டா வடா. அந்த மாதிரி ஒரு வடா இந்த மகாராஷ்டிரத்துலேயே கிடையாது.”

பையன் ஆசையோடு பார்த்தால் மொபைல் போன் கவர் விற்கும் கடை தெரியும்.

“எங்கே மாமா?”

“இப்ப இல்லே. மூடிட்டான்.”

மாமாவின் சுற்றுலாவில் சரிபாதி இப்படிப்பட்ட கடைகள். இங்கே ஒருத்தர் பால்கோவா போட்டார், செத்துப்போனார். அங்கே ஒருத்தர் மிளகாய் பஜ்ஜி போட்டார், பிள்ளை அமெரிக்கா போய்விட்டான். ஒரு வங்கி ஏ.டி.எம். வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, “தாலிபீட் வாசனை வருதா?” என்று அவர் கேட்டபோது, உடன் வந்த பெண்பிள்ளை ஒருத்தி மரியாதைக்காக மூச்சை இழுத்து, “வருது மாமா” என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை மாமாவுக்கு மிகவும் பிடித்த ஆள் அவள்தான்.

சாமி விஷயத்திலும் அவர் வயிற்று வழியாகவே போவார். புனேயின் கோயில் பெயர்களும் அவருக்குத் தோதாகவே அமைந்துவிட்டன. சனிவார் வாடா கோட்டைக்குப் பக்கத்தில் பட்டாட்யா மாருதி, அதாவது உருளைக்கிழங்கு ஆஞ்சநேயர். மண்டை என்று இப்போது சொல்லப்படும் எண்கோணக் காய்கறிச் சந்தையை வெள்ளைக்காரர்கள் 1880-களில் கட்டுவதற்கு முன்னால், கோட்டை வாசல் மைதானத்தில்தான் காய்கறி விற்றார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தவருக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. துளசிபாகுக்குப் பக்கத்தில் ஜிலப்யா மாருதி. பக்கத்து மிட்டாய்க்காரர் ஜிலேபி மாலை போட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். ஊரே கும்பிடும் பெரிய பிள்ளையாருக்குத் தக்டுசேட் ஹல்வாயி என்று மிட்டாய்க் கடைக்காரர் பெயரே விளங்குகிறது. “நம்ம ஊர்ல எந்தச் சாமிக்காவது பலகாரக் கடைக்காரர் பேர் உண்டா, சொல்லு” என்பார் மாமா. பையன் யோசிக்கத் தொடங்கும்போது அவர் அடுத்த சந்தில் இருப்பார். உபாஷி விட்டோபா என்று ஒரு கோயிலும் உண்டு, பட்டினி விட்டோபா. அந்த வாசலில் மட்டும் மாமா வேகமாக நடப்பார்.

நாராயண் பேட்டில் முஞ்சாபாச்சா போள் என்று ஒரு சந்து. அங்கேதான் பேடேகர் மிசல். மாமாவின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் இங்கே பார்க்க வேண்டும். வாசலில் கூட்டம் நிற்கிறது. உள்ளே மேசை காலியாக இருக்கும் இடத்தில், முன்பின் தெரியாத நாலு பேர் ஒட்டி உட்கார வேண்டியதுதான். மாமா உட்கார்ந்ததும் முதலில் மேசையைத் தடவிப் பார்ப்பார், பிறகு தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பிறகு கடைக்காரர் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பைக் கடையில் யாரும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

தட்டு வருகிறது. அடியில் அவலும் மஞ்சள் உருளைக்கிழங்கும், மேலே சேவு கலந்த மிக்ஸ்சர், அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும். செம்பழுப்பில் சுடச்சுட ரஸ்ஸா என்னும் குழம்பை அதன்மேல் ஊற்றுகிறார்கள். சேவு முதலில் அமிழாமல் மிதந்து, பிறகு ஒவ்வொன்றாக நனைந்து இறங்குகிறது. ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. தொட்டுக்கொள்ள வெட்டின பிரெட். பாவ் கேட்கக்கூடாது. மற்ற இடங்களில் பாவ் கொடுக்கிறார்களே என்று கேட்டவனை மாமா அதன்பின் கூப்பிடவே இல்லை.

“கிளறாதே! கிளறினா அது மிசல் இல்லே, கூட்டு. ஓரத்துலேருந்து வா.”

பையன் ஓரத்திலிருந்து வருகிறான். நாக்கில் முதலில் வெல்லத்தின் தித்திப்பு, பின்னால் புளிப்பு, விழுங்கியான பிறகுதான் உறைப்பு. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இதை நான் என் பொறுப்பிலேயே சொல்கிறேன், மாமாவின் பொறுப்பில் இல்லை. புனேக்கார மிசலில் இனிப்பு தூக்கல் என்று கோலாப்பூர்க்காரர்கள் கேலி செய்வார்கள், ஆனால் காலை வெயிலில் நடந்து வந்தவனுக்கு அந்த இனிப்பு இதமாகத்தான் இருக்கிறது.

பரிமாறுகிறவர் வந்து, “சாம்பிள்?” என்று கேட்கிறார். தட்டில் ரஸ்ஸா வற்றியதும் மேலும் ஊற்றுவதற்கு இங்கே அதுதான் பெயர். பையனுக்கு அது தெரியாது. “வேண்டாங்க, நான்தான் முழுசாவே வாங்கிட்டேனே” என்றான். மாமா முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் அவன் இன்னொன்றும் சொல்லிவைத்தான்: “நம்ம ஊர் பட்டாணி சுண்டல் மசாலா மாதிரியே இருக்கு மாமா.”

மாமா கையிலிருந்த பிரெட்டைக் கீழே வைத்தார். புது ஆள் எவனும் செய்யக்கூடாத குற்றம் இது. எதைச் சாப்பிட்டாலும் ‘நம்ம ஊர்ல இதை’ என்று தொடங்கிவிட்டால் அவருடைய முகத்தில் பழைய தணிக்கைக் குறிப்பு எழுதப்படும். சாபுதாணா கிச்சடியைப் பார்த்து ஜவ்வரிசி உப்புமா என்றவர்கள் இருக்கிறார்கள். பாக்கர்வடியை உருட்டின தட்டை என்றவர்கள் இருக்கிறார்கள். மஸ்தானி என்னும் ஐஸ்கிரீம் பாலை ஜிகர்தண்டாவோடு ஒப்பிட்ட மதுரைக்காரர் ஒருவரோடு மாமா பேச்சை நிறுத்தி நெடுநாள் ஆகிறது.

மராத்தி நகைச்சுவை எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே, நீங்கள் மும்பைக்காரர் ஆக வேண்டுமா, நாக்பூர்க்காரர் ஆக வேண்டுமா, புனேக்காரர் ஆக வேண்டுமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். புனேக்காரர்களின் வீறாப்பைக் கிண்டல் செய்தது அது. மராத்திக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நம் மாமா அதை அலுவலகச் சுற்றறிக்கையாக எடுத்துக்கொண்டு அப்படியே கடைப்பிடிக்கிறார். மண்ணின் மைந்தர்களுக்கே அந்த வீறாப்பு தளர்ந்துவிட்ட காலத்தில், அதைக் காப்பாற்றும் பொறுப்பு கும்பகோணத்துக்காரர் தோளில் விழுந்திருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் மதிய ஓய்வு. பகல் ஒன்று முதல் நாலு வரை கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவது பழைய புனே வியாபாரிகளின் உரிமை. 1950-இல் தொடங்கிய சிதளே பந்து மிட்டாய்க் கடையை வைத்து எத்தனையோ நகைச்சுவைத் துணுக்குகள் உலவின. வாடிக்கையாளர் வெயிலில் நின்றாலும், கதவு நாலு மணிக்குத்தான் திறக்கும். 2017-இல் அவர்கள் இனி மதியமும் திறந்திருப்போம் என்று அறிவித்தார்கள். ஊரே மகிழ்ந்தது. மாமா மட்டும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னார். அதற்குப் பிறகும் அவர் சிதளே கடைக்கு ஒன்றிலிருந்து நாலுக்குள் போனதில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. வாசலோரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலடித்ததும் உள்ளே போய்ப் பாக்கர்வடி வாங்குவார். “வேளை கெட்ட வேளையில வாங்கினா அதுல மொறுமொறுப்பு இருக்காது.”

கடைகளில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளும் அவருக்குப் பொக்கிஷம். புணேரி பாட்யா என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. வழி கேட்காதீர்கள், சில்லறை கேட்காதீர்கள், சாப்பிட்டு முடித்தால் எழுந்திருங்கள் என்ற ரீதியில் இருக்கும் பலகைகளை மாமா மராத்தியில் உரக்கப் படித்து, தமிழில் விளக்கி, எழுத்துப்பிழை இருந்தால் முதலாளியிடம் சொல்வார். ஒரு கடையில் அதற்குப் பதிலாக முதலாளி ஒரு பார்வை பார்த்தார். வெளியே வந்து மாமா பெருமையோடு சொன்னார்: “பார்த்தியா எப்படித் திட்டினான்! பழகினவனாத்தான் இருக்கணும்.”

ஏகாதசியில் மாமா நிச்சயம் வெளியே சாப்பிடுவார். மராத்தியில் ஏகாதசிக்கு இரட்டிப்பாகச் சாப்பிடுவது என்று ஒரு சொலவடை உண்டு. லக்ஷ்மி ரோட்டில் பூனா கெஸ்ட் ஹவுஸ் என்று நாடக, சினிமாக்காரர்கள் கூடிய பழைய விடுதி இருக்கிறது. மௌனப்பட காலத்து இயக்குநர் நானாசாஹேப் சர்போத்தாரின் குடும்பத்துடையது. அங்கே உபவாசத்துக்கென்றே பலகாரம் கிடைக்கும். ஜவ்வரிசி வடை, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, தயிர் எல்லாம் விரதத்துக்கு உகந்தவை என்பதால் மாமா அத்தனையையும் பக்தியோடு சாப்பிட்டு முடித்துவிட்டு, “பட்டினி கிடக்கறது உடம்புக்கு ரொம்ப நல்லது” என்பார். துணிப்பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஜெலுசில் மாத்திரை அட்டை, மாமி காய்ச்சிக் கொடுத்த ஓமத்தண்ணீர், நாலாய் மடித்த பழைய செய்தித்தாள்.

சதாசிவ் பேட்டில் சுஜாதா மஸ்தானி. கெட்டியான பாலில் மாம்பழமோ சீதாப்பழமோ அடித்து, உயரமான கிளாசில் ஊற்றி, மேலே ஐஸ்கிரீமை உட்காரவைத்துத் தருகிறார்கள். முதல் பாஜிராவின் காதலி மஸ்தானியின் அழகுக்காக இந்தப் பெயர் என்று மாமா சொல்வார். பாஜிராவ் 1740-இல் இறந்துபோனார், ஐஸ்கிரீம் எப்போது வந்தது என்று கேட்டால், “நீ குடி” என்பார்.

கேம்ப் பக்கம் அவர் கூட்டிப்போக மாட்டார். “அது கன்டோன்மென்ட். புனே கிடையாது.” தோராப்ஜி உணவகம் 1878-லிருந்து இருக்கிறது, கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுக்கு வரிசை நிற்கிறது என்று சொன்னால், “வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போட்ட தீனி” என்று முடித்துவிடுவார். ஆனால் சென்னைக்கு ரயிலேறும்போது தம்பி பெண்டாட்டிக்கு, மைத்துனருக்கு என்று அவர் பெட்டியில் அடுக்கும் டப்பாக்கள் கயானியுடையவைதான்.

இப்போது மாமாவின் ரகசியத்துக்கு வருகிறேன். இட்லி, தோசை தேடுகிற புது ஆளை மாமாவுக்குக் கண்டாலே ஆகாது. “எட்டுநூறு மைல் வந்து எவனாவது தோசை திம்பானா?” என்று ஃபெர்குசன் காலேஜ் ரோட்டில் வைத்தே கேட்பார். அங்கேயிருக்கும் வைஷாலி தொடக்கத்தில் மெட்ராஸ் ஹெல்த் ஹோம் என்ற பெயரோடு இருந்தது, அதை வளர்த்தவர் கர்நாடகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஜகன்னாத் ஷெட்டி. மூன்று தலைமுறை மாணவர்கள் அங்கே தோசையும், சேவு, பொட்டாட்டோ, தஹி பூரி என்னும் எஸ்.பி.டி.பி.யும் தின்று பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மாமா அங்கே எஸ்.பி.டி.பி. மட்டும் சாப்பிடுவார். சாம்பாரில் இனிப்பு இருக்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால் பாய்வார்: “சாம்பாரே மராட்டியர் நமக்குக் கொடுத்தது! தஞ்சாவூர் அரண்மனையில, சாம்பாஜிக்காக!” மராட்டியரான ஏகோஜி 1670-களில் தஞ்சாவூரைப் பிடித்தது சரித்திரம். சாம்பார் விஷயத்துக்குச் செப்பேடு எதுவும் கிடையாது. ஆனால் மாமாவிடம் செப்பேடு கேட்பதற்கு நமக்கு வயது போதாது.

இத்தனை பேசுகிறவர் வாரநாள்களில் காலையில் எங்கே போகிறார் என்று பார்த்தால், ராஸ்தா பேட்டுக்கு. புனேயில் தமிழர்கள் காலங்காலமாகக் கூடி வாழும் இடம். அங்கே தெருவோரத் தள்ளுவண்டியில் நாலு இட்லி, சட்னி தனியாக இல்லாமல் மேலேயே ஊற்றி. அடுத்து காபிப்பொடி. சிக்கரி எத்தனை பங்கு என்று கடைக்காரரிடம் அரை மணி வாதம். அம்ருத்துல்யா டீக்கடைப் பித்தளைப் பாத்திரத்தில் இஞ்சி, ஏலக்காய் போட்டுக் கொதித்த டீயைத் தவிர மற்றதெல்லாம் கழுநீர் என்று ஊருக்கு உபதேசம் செய்கிற மனிதர், வீட்டில் டிகாஷன் இறங்கும்வரை யாரோடும் பேசமாட்டார் என்பது மாமி கொடுத்த வாக்குமூலம். ஒருநாள் தள்ளுவண்டியருகில் நான் அவரைப் பார்த்துவிட்டேன். இட்லித் தட்டை மறைக்கக் குடையை விரித்தார். மழை இல்லை.

“இது ராஸ்தா பேட் இட்லி” என்றார். “புனே ஐட்டம்தான்.”

பலகாரத்துக்காக அவர் இத்தனை பாடுபடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் அவரையும் யாரோ ஒரு மராத்திக்காரர் நடத்திக் கூட்டிப்போய், பிரெட்டை எப்படித் தொட வேண்டும் என்று அதட்டியிருக்க வேண்டும். அப்போது விழுங்கிய அதட்டலை வட்டியோடு திருப்பிக் கொடுக்க ஆள் தேடுகிறார். ஊர்க்காரர்கள் யாரும் மாட்டமாட்டார்கள். ரயிலில் வந்து இறங்கும் நம் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். எந்தக் கடையிலும் மாமா பிறரைப் பணம் கொடுக்க விட்டதில்லை. பையன் போனை எடுத்து ஸ்கேன் செய்யப் போவதற்குள் சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டை நீட்டிவிடுவார். லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஓய்வூதியக்காரர் வாங்கித் தருகிறார். முதல்முறை பார்க்கும்போது கண் கலங்கும். போகப்போகத்தான் விஷயம் புரியும். பணம் கட்டினவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் காசில் மிசல் தின்றுவிட்டு, அவரிடமே உறைப்பு பற்றவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே புனேக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மாமா கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். அவரைவிட நல்ல வழிகாட்டி அந்தப் பேட்டைகளில் கிடையாது. ஆனால் பாக்கெட்டில் நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டாவது கடையிலாவது அவர் கை நீளும் முன் பில்லைக் கட்டிவிடுங்கள். மஸ்தானி ஜிகர்தண்டா மாதிரி இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.